பெட்டியில் 3000 லிட்டர், தொட்டியில் 1200 லிட்டர்!

மீன்தொட்டிப் பம்பு விற்கும் கடைக்காரர்கள் அறிய வேண்டிய ஹெட், உராய்வுக் கணக்கு

வண்ண மீன் வளர்ப்பு ஒரு காலத்தில் பட்டணத்துப் பொழுதுபோக்காக இருந்தது. மீனுக்கும் கிளிக்கும் புறாவுக்கும் பேர்போன சென்னை மூர் மார்க்கெட் 1985இல் தீக்கிரையானது. அதன்பின் இந்த வியாபாரம் நகரின் பல மூலைகளுக்குப் பரவியது. இன்று மொத்தக் கொள்முதல் என்றால் கொளத்தூர் என்று சொல்லும் அளவுக்கு அந்தப் பகுதி வளர்ந்திருக்கிறது. ஆக்சிஜன் நிரப்பிய பாலிதீன் பைகளில் மீன்கள் திண்டிவனம், விழுப்புரம், செஞ்சி என்று இறங்கி, அனந்தபுரம் போன்ற பேரூர்களின் கடைத்தெரு வரை வந்து சேர்கின்றன.

மீனோடு சேர்ந்து தொட்டி, பில்டர், பம்பு, பைப் எல்லாம் நமக்கு விற்பனைச் சரக்காகிவிட்டன. மீன் கடைக்காரர் மட்டும் இவற்றை விற்பதில்லை. எலெக்ட்ரிக்கல் கடையில் பம்பு, ஹார்டுவேர் கடையில் பைப், எல்போ, வால்வு என்று மூன்று கடைகளுக்கு இதில் பங்கு உண்டு. ஆனால் புகார் என்று வரும்போது பம்பு விற்றவரிடம்தான் வரும். "3000 லிட்டர்னு போட்டிருக்குதுண்ணே, வீட்டுல பாதி கூட ஏறல. பம்பு டூப்ளிகேட்டா?" என்று கேட்கும் வாடிக்கையாளருக்குப் பதில் தெரியாவிட்டால் இரண்டு வழிகள்தான். ஒன்று, பம்பை மாற்றிக் கொடுத்து நட்டப்படுவது. மற்றொன்று, மாற்ற முடியாது என்று சொல்லி வாடிக்கையாளரை இழப்பது. இத்தகைய புகார்களில் பல, பம்பின் குறையால் வருபவை அல்ல. உயரத்தையும் பைப்பையும் கணக்கில் கொள்ளாமல் விற்றதால் வருபவை. அந்தக் கணக்கை நமது வணிக அன்பர்கள் புரிந்துகொள்ள ஐந்தாம் வகுப்புப் பெருக்கலும் வகுத்தலும் போதும்.

ஹெட் என்றால் என்ன?

நமது பகுதியில் கிணற்று மோட்டார் விற்பவர்களுக்கு ஹெட் என்ற சொல் புதிதல்ல. தண்ணீரை எவ்வளவு உயரத்துக்குத் தள்ள வேண்டும் என்பதே ஹெட். 10 மீட்டர் உயரமுள்ள தண்ணீர் அடியில் கொடுக்கும் அழுத்தம், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ. 1 மீட்டர் உயரம் என்றால் அதில் பத்தில் ஒரு பங்கு. இந்த அழுத்தம் உயரத்தை மட்டுமே பொறுத்தது, தண்ணீரின் அளவைப் பொறுத்ததல்ல. மெல்லிய பைப்பில் நிற்கும் 1 மீட்டர் தண்ணீரும், ஏரியில் நிற்கும் 1 மீட்டர் தண்ணீரும் அடியில் ஒரே அழுத்தத்தைத்தான் கொடுக்கும். "கீழே சம்ப் தொட்டி பெரிதாக இருந்தால் பம்புக்குச் சுமை குறையும்" என்று சிலர் நினைப்பது சரியல்ல.

மீன்தொட்டியில் ஹெட்டை எங்கிருந்து எங்கே அளப்பது? கீழே இருக்கும் சம்ப் தொட்டியின் தண்ணீர் மட்டத்திலிருந்து, மேலே உள்ள தொட்டியின் தண்ணீர் மட்டம் வரை. பைப்பின் வாய் மேல்தொட்டியின் தண்ணீருக்கு மேலே நின்று ஊற்றினால் அந்த வாய் வரை அளக்க வேண்டும். பம்பு சம்புக்குள் எவ்வளவு ஆழத்தில் கிடக்கிறது என்பது கணக்கில் வராது. பம்புக்கு மேலே நிற்கும் தண்ணீரே அந்த அளவுக்கு அதைத் தூக்கிவிட்டுவிடும்.

பெட்டியில் உள்ள இரண்டு எண்கள்

விவசாய மோட்டாரின் பெயர்ப்பலகையைப் பாருங்கள். எத்தனை மீட்டர் ஹெட்டில் எவ்வளவு தண்ணீர் என்று இரண்டும் சேர்ந்து இருக்கும். மீன்தொட்டிப் பம்பின் அட்டைப் பெட்டியில் பெரும்பாலும் இரண்டு உச்ச எண்கள் தனித்தனியே இருக்கும். மணிக்கு 3000 லிட்டர், அதிகபட்ச ஹெட் 2.5 மீட்டர் என்பதுபோல.

இவை இரண்டும் ஒருசேரக் கிடைக்கும் என்று வாடிக்கையாளர் நினைத்துக்கொள்கிறார். உண்மையில் 3000 லிட்டர் என்பது உயரமே இல்லாமல், பைப்பே இல்லாமல் பம்பு கொட்டும் அளவு. 2.5 மீட்டர் என்பது தண்ணீர் ஏறி அசையாமல் நின்றுவிடும் உயரம். அந்த உயரத்தில் கிடைக்கும் தண்ணீர் பூஜ்யம். நாம் பயன்படுத்துவது இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு நிலைதான்.

எடுத்துக்காட்டாக, மேற்சொன்ன அளவுள்ள ஒரு பம்பு 1 மீட்டர் ஹெட்டில் மணிக்கு 2300 லிட்டரும், 1.5 மீட்டரில் 1900 லிட்டரும், 2.1 மீட்டரில் 1200 லிட்டரும் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். நல்ல தயாரிப்பாளர்கள் இந்த விவரத்தைப் பெட்டியின் பக்கவாட்டிலோ உள்ளே வைக்கும் காகிதத்திலோ கோட்டுப்படமாகப் போடுகிறார்கள். கொள்முதல் செய்யும்போது அந்தப் படம் உள்ள சரக்காகக் கேட்டு வாங்குவது நமக்கு நல்லது.

தண்ணீர் கட்டும் சுங்கம்

உயரம் மட்டுமே கணக்கு என்றால் விஷயம் எளிது. ஆனால் பைப்புக்குள் ஓடும் தண்ணீர் அதன் சுவரோடு உராய்கிறது. அதற்காகவும் பம்பின் சக்தியில் ஒரு பகுதி செலவாகிறது. இதுவே உராய்வு இழப்பு. சென்னையிலிருந்து வரும் சரக்கு லாரி டீசல் செலவு போக விக்கிரவாண்டி சுங்கச்சாவடியிலும் பணம் கட்டிவிட்டுத்தானே விழுப்புரம் வருகிறது? உயரம் என்பது டீசல் செலவு என்றால் உராய்வு என்பது சுங்கம். ஒரே ஒரு வித்தியாசம் உண்டு. லாரி வேகமாகப் போனால் சுங்கம் கூடுவதில்லை. தண்ணீருக்கு வேகம் கூடினால் சுங்கமும் கூடும், அதுவும் பல மடங்காக.

இதை ஆராய்ந்தவர்களில் முன்னோடி, பிரான்சு நாட்டுப் பொறியாளர் ஹென்றி டார்சி. தமது ஊரான டிஜோனுக்கு 1840இல் குழாய்க் குடிநீர் கொண்டுவந்தவர் இவர். குழாயில் தண்ணீர் இழக்கும் அழுத்தத்தை அளந்து பார்த்த அவர் பெயரும், ஜெர்மானியரான வெய்ஸ்பாக் பெயரும் சேர்ந்தே இன்றைக்கும் அந்தச் சூத்திரத்துக்கு வழங்குகின்றன. அதிலிருந்து நமக்கு வேண்டியவை இரண்டே செய்திகள்.

முதலாவது, ஒரே பைப்பில் தண்ணீரின் அளவை இரட்டிப்பாக்கினால் உராய்வு இழப்பு இரட்டிப்பாவதில்லை. மூன்றரை மடங்குக்கு மேல் கூடுகிறது. இரண்டாவது, பைப்பின் உள்விட்டத்தைப் பாதியாக்கினால் அதே அளவு தண்ணீருக்கு இழப்பு ஏறக்குறைய 30 மடங்காகிறது. பைப் சைஸில் ஒரு படி கூட்டுவதோ குறைப்பதோ எவ்வளவு பெரிய விஷயம் என்பது இதிலிருந்து விளங்கும்.

மணிக்கு 2000 லிட்டர் ஓடும்போது 1 மீட்டர் நீள பி.வி.சி. பைப்பில் ஏற்படும் இழப்பைப் பாருங்கள். உள்விட்டம் 16 மி.மீ. உள்ள அரை இஞ்ச் பைப்பில் அரை மீட்டர் ஹெட் போய்விடும். 20 மி.மீ. உள்ள முக்கால் இஞ்ச் பைப்பில் 17 அல்லது 18 சென்டிமீட்டர். 26 மி.மீ. உள்ள ஒரு இஞ்ச் பைப்பில் 5 சென்டிமீட்டர் மட்டுமே. 32 மி.மீ. உள்ளதென்றால் 2 சென்டிமீட்டருக்கும் குறைவு.

ஹார்டுவேர் கடைக்காரர்கள் இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். மில்லிமீட்டரில் 20, 25, 32 என்று விற்கும் பி.வி.சி. பைப்புகளுக்கு அந்த அளவு வெளிவிட்டம். 4 கிலோ, 6 கிலோ, 10 கிலோ என்று அழுத்தத் தரம் கூடக் கூடச் சுவர் தடித்து உள்வாய் சுருங்கும். மீன்தொட்டியில் வரும் அழுத்தம் கால் கிலோவைக்கூட எட்டுவது அரிது. "கனமான பைப்பாகக் கொடுங்கள்" என்று கேட்டு வாங்கிப் போகிறவர், கூடுதல் விலை கொடுத்து உள்வாயைக் குறைத்துக்கொள்கிறார். இங்கே கேட்க வேண்டியது கனத்தை அல்ல, உள்வாயை.

எல்போவும் ஒரு சுங்கச்சாவடி

நேர் பைப்பை விட வளைவுகள் தண்ணீரை அதிகம் தடுக்கின்றன. சாதாரண 90 டிகிரி எல்போ ஒன்று, அதன் விட்டத்தைப் போல் 30 மடங்கு நீளமுள்ள நேர் பைப்புக்குச் சமம் என்று கணக்கிடுவது வழக்கம். அரை இஞ்ச் எல்போ என்றால் அரை மீட்டர் பைப், ஒரு இஞ்ச் எல்போ என்றால் 80 சென்டிமீட்டர் பைப் கூடுதலாகப் போட்டதுபோல. டீயின் பக்கவாட்டில் தண்ணீர் திரும்பினால் 60 மடங்கு. முழு வாய் திறக்கும் பால் வால்வு வெறும் 3 மடங்குதான். குளோப் வால்வு முழுதாகத் திறந்திருந்தாலும் 300 மடங்குக்கு மேல் போய்விடும். ஆகவே மீன்தொட்டிக்கு வால்வு கேட்டால் பால் வால்வைக் கொடுப்பதே முறை. இரண்டு எல்போ போடும் இடத்தில் வளையும் ஹோஸ் போட முடியுமானால் அது இன்னும் நல்லது.

ஒரே பம்பு, இரண்டு பைப்

இப்போது எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்போம். 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், 2 அடி உயரமுள்ள தொட்டியின் கொள்ளளவு 12 கன அடி, அதாவது ஏறக்குறைய 340 லிட்டர். மணிக்கு 5 முறையாவது மொத்தத் தண்ணீரும் பில்டர் வழியாகச் சுற்றி வர வேண்டும் என்று வைத்துக்கொண்டால் 1700 லிட்டர் தேவை. வாடிக்கையாளர் 3000 லிட்டர் பம்பு வாங்குகிறார். தாராளமாகப் போதும் என்றுதான் தோன்றும்.

சம்ப் மட்டத்திலிருந்து மேல்தொட்டி மட்டம் 1.3 மீட்டர். பைப் நீளம் 2 மீட்டர். எல்போ 4.

அரை இஞ்ச் பைப் போட்டால், 4 எல்போவையும் சேர்த்து 4 மீட்டர் பைப்புக்குச் சமம். மணிக்கு 1200 லிட்டர் ஓடும்போதே உராய்வில் 80 சென்டிமீட்டர் போய்விடுகிறது. உயரம் 1.3, உராய்வு 0.8, ஆக மொத்தம் 2.1 மீட்டர். அந்த ஹெட்டில் நமது பம்பு கொடுப்பதும் 1200 லிட்டர்தான். அதற்கு மேல் ஒரு சொட்டும் கூடாது. 3000 லிட்டர் பம்பு வாங்கியவருக்கு 1200.

அதே பம்பில் ஒரு இஞ்ச் பைப் போட்டால், எல்போ உட்பட 5 மீட்டருக்குச் சற்றுக் கூடுதல். உராய்வு இழப்பு 23 சென்டிமீட்டர் அளவில் நின்றுவிடும். மொத்த ஹெட் ஒன்றரை மீட்டருக்குச் சிறிது அதிகம். கிடைக்கும் தண்ணீர் 1900 லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. தேவையான 1700 கிடைத்துவிட்டது.

பம்பு மாறவில்லை, கரண்ட் செலவும் பெரிதாக மாறவில்லை. 2 மீட்டர் பைப்பும் 4 எல்போவும் மட்டும் மாறின. தண்ணீர் ஒன்றரை மடங்கு ஆகிவிட்டது. பம்பின் வாய் அரை இஞ்சோ முக்கால் இஞ்சோ ஆனாலும் பைப்பும் அதே அளவில் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வாயிலேயே ஒரு ரெட்யூசர் போட்டு உடனே பெரிய பைப்புக்கு மாற்றிவிடலாம்.

பைப்பை மாற்றாமல் இன்னும் பெரிய பம்பாக விற்றால் என்ன என்று கேட்கலாம். விற்கலாம். ஆனால் சிறிய பைப்பில் தண்ணீரைக் கூட்டக் கூட உராய்வு பல மடங்கு ஏறுவதால், கூடுதல் சக்தியில் பெரும் பகுதி பைப்புக்குள்ளேயே வீணாகும். மீன்தொட்டிப் பம்பு இரவு பகலாக ஓடுவது. 40 வாட் பம்பு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1 யூனிட் எடுக்கும். இரண்டு மாதத்தில் 58 யூனிட் ஆகிவிடும். 80 வாட் பம்பு அதைப்போல் இரட்டிப்பு. பைப் செலவு ஒருமுறை. கரண்ட் செலவு ஒவ்வொரு பில்லிலும் வரும்.

தண்ணீர் குறைந்தால் மீனுக்கு என்ன?

இது பணக் கணக்கோடு முடிவதில்லை. மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை முறிக்கும் நுண்ணுயிர்கள் பில்டருக்குள் வாழ்கின்றன. அவற்றுக்கும் பிராணவாயு வேண்டும். அதைக் கொண்டுபோய்க் கொடுப்பது ஓடும் தண்ணீர். தண்ணீர் சூடானால் அதில் கரையும் பிராணவாயுவும் குறையும். 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் அளவு கரையுமானால் 30 டிகிரியில் ஏழரைதான். நமது ஊர் அக்னி நட்சத்திர வெயிலில் வீட்டுத் தொட்டி எளிதில் 30 டிகிரியைத் தாண்டிவிடும். மாசியில் எப்படியோ சமாளித்த அரை இஞ்ச் பைப் சித்திரையில் மீன்களைக் கொன்றுவிடலாம். அப்போது பழி, "மீன் சரியில்லை" என்று மீன் கடைக்காரர் தலையில் விழும்.

கேனிஸ்டர் பில்டருக்கு வேறு கணக்கு

தொட்டிக்குக் கீழே மூடிய டப்பாவாக வைக்கும் கேனிஸ்டர் பில்டரில் உயரக் கணக்கு பொருந்தாது. தண்ணீர் இறங்கும் ஹோஸும் ஏறும் ஹோஸும் ஒரே தொட்டிக்குள் முடிகின்றன. இரண்டிலும் தண்ணீர் நிரம்பியிருப்பதால், இறங்கும் பக்கத்து எடை ஏறும் பக்கத்து எடையைச் சமன்செய்துவிடும், தராசின் இரு தட்டுகளைப் போல. அங்கே பம்புக்கு வேலை உராய்வை வெல்வது மட்டுமே. ஆனால் பஞ்சும் கல்லும் அழுக்கேறி அடைத்துக்கொண்டால் அந்த உராய்வே மலையாகிவிடும். கேனிஸ்டர் விற்கும்போது, "மாதம் ஒருமுறை பஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே அலசுங்கள்" என்று சொல்லி அனுப்பினால் பாதிப் புகார் வராது. குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் அலசினால் நுண்ணுயிர்கள் அழிந்துவிடும்.

காற்று பம்புக்கும் ஹெட் உண்டு. காற்றுக்கல் எவ்வளவு ஆழத்தில் கிடக்கிறதோ அவ்வளவு தண்ணீரைத் தள்ளிக்கொண்டுதான் குமிழி வெளிவர வேண்டும். ஒரே காற்று பம்பில் நான்கு தொட்டிகளை இணைத்தால், ஆழம் குறைந்த தொட்டி காற்று முழுவதையும் இழுத்துக்கொள்ளும். அதன் குழாயில் வால்வு வைத்துச் சற்று அடைத்தால்தான் மற்றத் தொட்டிகளுக்குக் காற்று போகும். கடையில் அடுக்கடுக்காகத் தொட்டி வைத்திருக்கும் மீன் வியாபாரிகளுக்கு இது அன்றாடத் தேவை.

கரண்ட் போனால்

பம்பு நின்றதும் பைப்பின் வாய் மேல்தொட்டித் தண்ணீருக்குள் மூழ்கியிருந்தால், தண்ணீர் அதே பைப் வழியாகப் பின்னோக்கி இறங்கும். வாய் வெளியே தெரியும் வரை இது நிற்காது. அந்தத் தண்ணீருக்குச் சம்பில் இடம் இல்லையென்றால் வீட்டுத் தரை வெள்ளக்காடாகும். இதற்கு நான்-ரிட்டர்ன் வால்வு போடுவது வழக்கம். ஆனால் அதிலும் உராய்வு உண்டு, அழுக்கு சேர்ந்தால் சரியாக மூடாமலும் போகும். பைப்பின் வாயைத் தண்ணீர் மட்டத்துக்கு ஒட்டியே வைப்பதும், மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒரு சிறு துளை போட்டுக் காற்று நுழைய விடுவதும் செலவில்லாத பாதுகாப்பு. சம்பிலும் அந்த அளவு காலியிடம் விட்டுவைக்க வேண்டும்.

மேலிருந்து சம்புக்கு இறங்கும் வடிகால் பைப் தன் எடையால் மட்டுமே இறங்குகிறது. அதைத் தள்ளப் பம்பு கிடையாது. எனவே அது ஏற்றும் பைப்பை விட ஒரு சைஸாவது பெரியதாக இருக்க வேண்டும். தண்ணீரைக் குறைக்க வேண்டுமென்றால் பம்பின் டெலிவரி பக்கம் வால்வு வைத்துக் குறைக்கலாம். பம்புக்குத் தண்ணீர் வரும் பக்கத்தை ஒருபோதும் அடைக்கக் கூடாது.

கல்லாவுக்கு முன்னால் கேட்க வேண்டியவை

பம்பு கேட்டு வருபவரிடம் பணம் வாங்கும் முன் நான்கு கேள்விகள் கேட்க வேண்டும். தொட்டி எத்தனை லிட்டர்? கீழ்த் தண்ணீர் மட்டத்திலிருந்து மேலே எத்தனை அடி ஏற்ற வேண்டும்? என்ன சைஸ் பைப், எவ்வளவு நீளம்? எத்தனை எல்போ? பதில் தெரியாதவரை வீட்டுக்குப் போய் ஒரு முழக்கயிற்றால் அளந்து வரச் சொன்னாலும் தவறில்லை. ஹெட்டில் உராய்வுக்கும் சேர்த்துப் பார்த்து, அந்த மொத்த ஹெட்டில் தேவையான லிட்டர் கிடைக்கும் பம்பைக் கொடுக்க வேண்டும். பம்பு நம்மிடமும் பைப் பக்கத்துக் கடையிலும் இருந்தால், பைப் சைஸைத் துண்டுச் சீட்டில் எழுதி அனுப்பலாம். இரண்டு கடைக்கும் நல்ல பெயர்.

புகாரோடு வருபவரிடம் வாதம் வேண்டாம், வாளி போதும். 10 லிட்டர் வாளி எத்தனை விநாடியில் நிரம்புகிறது என்று அவரையே வீட்டில் பார்த்து வரச் சொல்லுங்கள். 36000ஐ அந்த விநாடியால் வகுத்தால் மணிக்கு எத்தனை லிட்டர் என்று வந்துவிடும். 30 விநாடி என்றால் 1200. 19 விநாடி என்றால் 1900க்குப் பக்கம். வாளியைத் தொட்டி விளிம்பு உயரத்திலேயே பிடிக்க வேண்டும், தரையில் வைத்துப் பார்த்தால் கணக்கு தப்பும்.

பம்பு நல்லதா என்று கடையிலேயே காட்டவும் வழி உண்டு. ஒரு வாளித் தண்ணீரில் பம்பைப் போட்டு, 3 மீட்டர் கண்ணாடி ஹோஸை மாட்டிச் செங்குத்தாகத் தூக்கிப் பிடியுங்கள். வாளியின் மட்டத்திலிருந்து தண்ணீர் எவ்வளவு உயரத்தில் ஏறி நிற்கிறதோ அதுவே அந்தப் பம்பின் அதிகபட்ச ஹெட். பெட்டியில் போட்ட எண்ணுக்கு அது வெகுவாகக் குறைந்தால் சரக்கில் குறை. மொத்த வியாபாரியிடம் திருப்பி அனுப்ப அதுவே சான்று. ஏறக்குறைய சரியாக நின்றால் பம்பில் குறை இல்லை, பைப்பைத்தான் பார்க்க வேண்டும். சுவரில் அடி அளவு குறித்து அந்த ஹோஸை நிரந்தரமாகக் கட்டித் தொங்கவிட்டால், ஒவ்வொரு புதுச் சரக்கையும் விற்கும் முன்பே சோதித்துவிடலாம்.

எடை போட்டு, படி அளந்து விற்பது நமது தொழில். தராசு வைக்காத மளிகைக் கடையை யாரும் நம்புவதில்லை. பம்பு விற்கும் கடைக்கு அந்த ஹோஸும் வாளியும்தான் தராசு. அவற்றை வைத்துக்கொண்டு விற்கும் வணிகருக்குத் திரும்பி வரும் சரக்கு குறையும், திரும்பி வரும் வாடிக்கையாளர் கூடுவார்.